'மற்றும் குழுவினர்': பின்வரிசைக் கலைஞரின் பெயரும் கூலியும்



நம் மூத்த தோழருடைய நினைவாக இந்தச் சொற்பொழிவு ஆண்டுதோறும் நடக்கிறது. அவர் மேடையில் பேசியதைவிட மேடை கட்டிய நாட்கள்தான் அதிகம். ஒலிபெருக்கிக்குச் சொல்லி வைப்பதும், விடிவதற்குள் சுவரொட்டி ஒட்டி முடிப்பதும், பறையைத் தீயில் காட்டித் தயாராக வைப்பதும் அவர் வேலை. அப்படிப்பட்டவரின் நினைவில் பேச வேண்டும் என்றதும், பின்வரிசையைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று முடிவு செய்தேன். நானும் பின்வரிசைக்காரன். பாடுகிறவர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டே இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பறையும் டிரம்ஸும் வாசித்து வருகிறேன்.

நம் ஊர்ச் சுவரொட்டிகளில் இரண்டு சொற்கள் தவறாமல் இருக்கும்: 'மற்றும் குழுவினர்'. பாடகர் பெயர் பெரிய எழுத்தில், புகைப்படத்தோடு. அதன் கீழே சின்ன எழுத்தில் 'மற்றும் குழுவினர்'. அந்த 'மற்றும்' என்ற சொல்லுக்குள் பறையடிப்பவர், தவில்காரர், உறுமிக்காரர், பேஸ் கிட்டார் வாசிப்பவர், கோரஸ் பாடும் பெண்கள் எல்லோரும் அடங்கிவிடுவார்கள். இந்தச் சொல் ஒருவரின் வாழ்க்கையில் என்ன செய்கிறது என்பதைக் காட்ட, இன்று உங்களைத் தொலைவில் ஓர் ஊருக்கு அழைத்துப் போகிறேன். அமெரிக்காவின் சிகாகோ நகரம், 1960களின் நடுப்பகுதி. வளர்ந்து வந்த ஒரு ப்ளூஸ் குழு. அதன் பின்வரிசையில் இருந்த இரண்டு கறுப்புக் கலைஞர்கள்: டிரம்ஸ் வாசித்த சாம் லே, பேஸ் கிட்டார் வாசித்த ஜெரோம் ஆர்னால்ட்.

ஏன் அமெரிக்கா என்று மாணவர்கள் கேட்கலாம். நமக்கும் அவர்களுக்கும் உறவு உண்டு. 1946இல் பாபாசாகேப் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பு மக்கள் ஐ.நா.வுக்கு அளிக்கும் மனுவைக் கேட்டு எழுதிய கடிதம் அது. 1972இல் பம்பாயில் தோன்றிய தலித் பேந்தர்கள், கறுப்புச் சிறுத்தைகளைப் பார்த்தே தங்களுக்குப் பெயர் சூட்டிக்கொண்டார்கள். சாதியும் நிறவெறியும் ஒன்றல்ல, ஆனாலும் ஒன்றை வைத்து இன்னொன்றைப் படிக்கும் பழக்கத்தை நம் முன்னோடிகள் நமக்குத் தந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ப்ளூஸ், அமெரிக்கத் தென் மாநிலங்களின் பருத்திக் காடுகளில் பிறந்த பாட்டு. அடிமை முறை சட்டப்படி ஒழிந்த பின்னும் வாரக் குத்தகையிலும் கடனிலும் கட்டுண்டு கிடந்த மக்களின் பாட்டு. 1910க்கும் 1970க்கும் இடையில் ஏறத்தாழ 60 லட்சம் கறுப்பு மக்கள் தெற்கை விட்டு வெளியேறினார்கள். சிகாகோவின் இறைச்சிக் கூடங்களுக்கும் எஃகு ஆலைகளுக்கும் வந்தவர்கள் தங்கள் பாட்டையும் கொண்டுவந்தார்கள். நகரத்து இரைச்சலில் பாட்டு கேட்க வேண்டுமே! கிட்டாருக்கு மின்சாரம் வந்தது, பின்னால் டிரம்ஸ் வந்தது. அப்படி உருவானதுதான் சிகாகோ ப்ளூஸ்.

சாம் லே 1935இல் அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம் நகரில் பிறந்தவர். க்ளீவ்லண்ட் நகரில் வாசிக்கத் தொடங்கி, 1960ஐ ஒட்டிச் சிகாகோ வந்து சேர்ந்தார். முதலில் ஹார்மோனிகா மேதை லிட்டில் வால்டருடன் வாசித்தார். பிறகு ஹவ்லின் வுல்ஃப் குழுவில் சேர்ந்தார். வுல்ஃப் பாடிப் புகழ்பெற்ற 1960களின் இசைத்தட்டுகள் சிலவற்றில் கேட்கும் டிரம்ஸ் சாம் லேயுடையது. ஜெரோம் ஆர்னால்டும் வுல்ஃபுடன் வாசித்தவர்தான்.

சாம் லேயின் கைவண்ணத்துக்கு 'டபுள் ஷஃபிள்' என்று பெயர். வாசிப்பவர்கள் இங்கே இருப்பதால் விளக்கிச் சொல்கிறேன். நான்கு எண்ணிக்கை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு எண்ணிக்கையையும் மூன்றாகப் பிரித்து, நடுவில் உள்ளதை விட்டுவிட்டு முதலாவதையும் மூன்றாவதையும் மட்டும் தட்டினால் ஒரு நொண்டி நடை கிடைக்கும். அதுதான் ஷஃபிள். வழக்கமாக வலக்கை இந்த நடையைத் தாளத்தட்டில் ஓட்டும், இடக்கை இரண்டாவது, நான்காவது எண்ணிக்கைகளில் மட்டும் சிறு டிரம்மில் விழும். சாம் லேயின் இடக்கை சும்மா இருக்காது. அதே நொண்டி நடையை அதுவும் ஓட்டிக்கொண்டே, இரண்டிலும் நான்கிலும் அழுத்தம் கொடுக்கும். நம் பறையில் அடிக்குச்சி ஒன்று சொல்ல, சிண்டுக்குச்சி இடைவெளியை நிரப்பிக்கொண்டே போகுமே, அதைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது உடனே பிடிபடும்.

இந்த நடை அவருக்கு எங்கிருந்து வந்தது? சிறுவயதில் தேவாலயத்தில் கேட்ட இரட்டைக் கைத்தட்டலிலிருந்து. எந்த இசைப் பள்ளியும் அதைக் கற்றுத்தரவில்லை. வேலை நாள் முழுக்க ஒடுங்கிக் கிடந்த ஒரு சமூகம் ஞாயிற்றுக்கிழமை தன் கைகளாலேயே உண்டாக்கிக்கொண்ட தாளம், சாம் லேயின் கை வழியாக உலகத்துக்குப் போனது.

இனி, வளர்ந்து வந்த அந்தக் குழுவுக்கு வருவோம். பால் பட்டர்ஃபீல்ட் சிகாகோ வழக்கறிஞர் ஒருவரின் மகன். வெள்ளை இளைஞர். சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்த எல்வின் பிஷப் என்ற இன்னொரு வெள்ளை இளைஞரோடு சேர்ந்து, நகரின் தெற்குப் பகுதியில் இருந்த கறுப்பு மக்களின் மதுக்கூடங்களுக்குப் போய்ப்போய் ப்ளூஸ் கற்றார். அங்கே யாரும் அவர்களை விரட்டவில்லை. மடி வாட்டர்ஸ் போன்ற பெரியவர்கள் தங்கள் மேடையிலேயே அவர்களை வாசிக்க விட்டார்கள். 1963இல் பட்டர்ஃபீல்ட் தனக்கென ஒரு குழு அமைத்தபோது ஹவ்லின் வுல்ஃபின் பின்வரிசையிலிருந்து சாம் லேயையும் ஜெரோம் ஆர்னால்டையும் அழைத்துக்கொண்டார். நகரின் வடக்குப் பகுதியில், வெள்ளை மாணவர்கள் கூடும் 'பிக் ஜான்ஸ்' என்ற கூடத்தில் தொடர்ந்து வாசித்தார்கள். பிறகு மைக் புளூம்ஃபீல்ட் என்ற கிட்டார் கலைஞரும் சேர்ந்தார். எலெக்ட்ரா நிறுவனம் இசைத்தட்டு போட முன்வந்தது.

இவர்கள் இருவரும் ஏன் போனார்கள்? கூலிக்காக. பட்டர்ஃபீல்ட் தருவதாகச் சொன்ன இரவுச் சம்பளம் வுல்ஃப் கொடுத்ததைவிட அதிகம். இதில் துரோகம் எதுவும் இல்லை. ஹவ்லின் வுல்ஃப் கண்டிப்பானவர் என்றாலும் நேர்மையான முதலாளி. சமூகப் பாதுகாப்புக்கும் வேலையிழப்புக் காப்பீட்டுக்கும் முறையாகப் பணம் கட்டியவர் என்று அவர் குழுவில் இருந்தவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். ஆனால் கறுப்பு மக்கள் வரும் கூடத்தில் வசூல் குறைவு, வெள்ளையர் வரும் கூடத்தில் வசூல் அதிகம். வுல்ஃப் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் கல்லாவில் விழுந்ததைத்தானே பங்கிட முடியும்? அதே தாளத்தை அதே கைகள் வாசிக்கின்றன. முன்னால் நிற்பவர் வெள்ளையர் என்றதும் கூலி கூடுகிறது. இதைக் கவனியுங்கள் தோழர்களே. சந்தை விலை வைத்தது தாளத்துக்கு அல்ல, முன்னால் தெரியும் முகத்துக்கு.

இன்னொரு செய்தி. அந்த நாட்களில் சிகாகோவில் இசைக் கலைஞர்களுக்கு இரண்டு தொழிற்சங்கக் கிளைகள் இருந்தன. 10ஆம் எண் கிளை வெள்ளையருக்கு. 208ஆம் எண் கிளை, 1902இல் கறுப்புக் கலைஞர்கள் தங்களுக்கென உருவாக்கிக்கொண்டது. இரண்டும் ஒன்றானது 1966இல்தான். அதாவது, வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேடையில் ஒரே பாட்டை வாசித்த காலத்தில்கூட அந்த ஊரில் சங்கம் நிறத்துக்கு ஒன்றாக இருந்தது. தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை பார்த்து வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் 208ஆம் கிளையின் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒதுக்கப்பட்டவர்கள் அந்தக் கிளையைத் தங்கள் கோட்டையாகவும் ஆக்கிக்கொண்டார்கள். தங்கள் கூலியைத் தாங்களே பேசி முடித்தார்கள்.

1965 ஜூலையில் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழா. அமெரிக்காவின் முற்போக்கு இளைஞர்கள் திரளும் விழா அது. சனிக்கிழமை நடந்த ப்ளூஸ் பயிலரங்கில் பட்டர்ஃபீல்ட் குழுவை நாட்டுப்புற இசை ஆய்வாளர் ஆலன் லோமாக்ஸ் அறிமுகப்படுத்தினார். மடி வாட்டர்ஸை 1941இல் பருத்தித் தோட்டத்துக்கே போய் முதலில் பதிவு செய்தவர் அவர். இந்த வெள்ளைப் பையன்களால் ப்ளூஸ் வாசிக்க முடியுமா என்ற ஐயம் தொனிக்க அவர் பேச, மேலாளர் ஆல்பர்ட் கிராஸ்மன் கோபப்பட, இருவரும் கட்டிப் புரண்டு சண்டை போட்டார்கள். இசை வரலாற்று நூல்களில் இது பேர்போன சண்டை.

எனக்கு அந்தச் சண்டையைவிட அதில் பேசப்படாததுதான் முக்கியம். ப்ளூஸ் யாருடையது என்று இரண்டு வெள்ளையர்கள் மண்ணில் உருள்கிறார்கள். மேடையில், ஹவ்லின் வுல்ஃபோடு ஆண்டுக்கணக்கில் வாசித்த இரண்டு கறுப்பர்கள் நிற்கிறார்கள். 'வெள்ளைப் பையன்கள்' என்ற அந்த விவாதத்தில் அவர்கள் கணக்கிலேயே இல்லை. ஒடுக்கப்பட்டோருக்காகப் பேசுகிறவர்கள் நடுவிலும் ஒடுக்கப்பட்டவர் காணாமல் போக முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. லோமாக்ஸ் மீது எனக்குப் பகை இல்லை. அவர் செய்த பதிவுகள் பெரிய கொடை. அதனால்தான் இது யோசிக்க வேண்டிய செய்தியாகிறது.

மறுநாள், ஜூலை 25 இரவு, பாப் டிலன் மின்கிட்டாரோடு மேடையேறினார். நாட்டுப்புற இசையின் நாயகன் மின்சாரத்தைத் தொட்டுவிட்டார் என்று கூட்டத்தில் கூச்சல் எழுந்தது. அந்த இரவைப் பற்றி 60 ஆண்டுகளாகப் புத்தகங்கள் வருகின்றன, 2024இல் திரைப்படமே வந்துவிட்டது. அந்த இரவில் டிலனுக்குப் பின்னால் டிரம்ஸ் வாசித்தவர் சாம் லே, பேஸ் வாசித்தவர் ஜெரோம் ஆர்னால்ட். அன்று டிலன் கையில் இருந்த கிட்டார் 2013இல் 9,65,000 டாலருக்கு ஏலம் போனது. ஒரு மரக்கட்டைக்குக் கிடைத்த விலை அது. பின்னால் தாளம் பிடித்த கைகள் யாருடையவை என்பது ரசிகர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்த இரவு கழிந்து 12ஆம் நாள் அமெரிக்காவில் வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானது. சாம் லேயின் பிறந்த மாநிலமான அலபாமாவில் கறுப்பு மக்கள் ரத்தம் சிந்திப் பெற்ற சட்டம். ஓட்டுரிமை அப்போதுதான் உறுதியாகிறது என்றால், இசைத்தட்டில் பங்கு உரிமை எவ்வளவு தொலைவில் இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

குழு வளர்ந்தது. 1965 அக்டோபரில் முதல் இசைத்தட்டு வந்தது. அதில் ஒரு பாட்டை சாம் லேயே பாடியிருக்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும். வாய்ப்புக் கிடைத்தது, குழுவுக்குள் மரியாதையும் இருந்தது. ஆனால் குழுவின் பெயர் 'பால் பட்டர்ஃபீல்ட் ப்ளூஸ் பேண்ட்'. அந்த ஆண்டின் இறுதியில் சாம் லே நுரையீரல் உறையில் ஏற்பட்ட அழற்சியால் நோயுற்றார். ஊர் ஊராகப் போகும் குழு நிற்க முடியாது. பில்லி டேவன்போர்ட் என்ற இன்னொரு சிகாகோ கறுப்புக் கலைஞர் அந்த நாற்காலியில் அமர்ந்தார். 1966இல் குழுவை உச்சத்துக்குக் கொண்டுபோன இரண்டாவது இசைத்தட்டில் அவர்தான் வாசித்தார். 1967 வாக்கில் ஜெரோம் ஆர்னால்டும் குழுவில் இல்லை.

இதுதான் பின்வரிசை வாழ்க்கை. முதலில் வந்து சாமான் இறக்கி, கடைசியில் ஏற்றிவிட்டுக் கிளம்ப வேண்டும். உடம்பு சரியில்லை என்றால் அடுத்த ஊரில் வேறு ஒருவர். குழு வளர வளரப் பெயருக்குரியவரின் பங்கும் வளரும், பின்வரிசைக்கு இரவுக் கூலி. நாற்காலி நிரந்தரம், அமர்ந்தவர் தற்காலிகம்.

1969இல் 'ஃபாதர்ஸ் அண்ட் சன்ஸ்' என்றொரு இசைத்தட்டு வந்தது. தந்தையர் என்றால் மடி வாட்டர்ஸும் பியானோ கலைஞர் ஓட்டிஸ் ஸ்பானும். மகன்கள் என்றால் பட்டர்ஃபீல்டும் புளூம்ஃபீல்டும். டிரம்ஸ் வாசித்தவர் சாம் லே. பட்டர்ஃபீல்டைவிட 7 வயது மூத்தவர், மடி வாட்டர்ஸ் தலைமுறைக்குப் பிந்தியவர். அந்தத் தலைப்பில் அவர் தந்தையுமில்லை, மகனுமில்லை. இரு தரப்பையும் தாங்கிய தாளம் அவருடையது. வம்சக் கதையில் அவருக்கு இடம் வைக்கவில்லை.

இது யாரோ சிலரின் கெட்ட குணத்தால் நடந்தது என்று நினைத்தால் நாம் எதையும் புரிந்துகொள்ள மாட்டோம். பட்டர்ஃபீல்ட் தன் ஆசான்களை மதித்தவர். சிக்கல் அமைப்பில் இருக்கிறது. பாட்டு என்றால் சொல்லும் மெட்டும்தான் என்று பதிப்புரிமை நடைமுறை வரையறுத்துவிட்டது. அவற்றை எழுதியவருக்குப் பங்கு. தாளம் யாருக்கும் உரியதல்ல, எனவே தாளக்காரருக்குப் பங்கில்லை. அமெரிக்க வானொலிகள் ஒரு பாட்டை ஒலிபரப்பினால் எழுதியவருக்குப் பணம் போகும். வாசித்தவருக்கு இன்றுவரை சல்லிக்காசு கிடையாது. ஜேம்ஸ் பிரவுனின் குழுவில் இருந்த கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட், 1970இல் வெளிவந்த ஒரு பாட்டில் வாசித்த சில நொடித் தாளத்தை வெட்டி எடுத்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுகளில் ஒட்டியிருக்கிறார்கள். ராப் இசையின் அடித்தளங்களில் ஒன்று அது. அதற்கு உரிமைத்தொகை பெறாமலே 2017இல் அவர் இறந்தார். மோட்டவுன் நிறுவனம் தன் வெற்றிப் பாட்டுகளுக்கெல்லாம் வாசித்த குழுவினரின் பெயரை இசைத்தட்டு உறையில் முறையாக அச்சிட்டது 1971இல்தான்.

எதிர்த்து நின்றவரும் உண்டு. வில்லி டிக்சன். சிகாகோவில் பின்வரிசையில் நின்று பெரிய பேஸ் வாசித்தவர். ஹவ்லின் வுல்ஃபும் மடி வாட்டர்ஸும் பாடிய பாட்டுகள் பலவற்றை எழுதியவரும் அவரே. பட்டர்ஃபீல்ட் குழுவின் முதல் இசைத்தட்டிலும் அவர் பாட்டு இருக்கிறது. அவருடைய பாட்டைத் தழுவி உலகப் புகழ் பெற்ற லெட் ஸெப்லின் குழு மீது 1985இல் வழக்குப் போட்டார். 1987இல் அது சமரசத்தில் முடிந்தது. தனக்குக் கிடைத்ததோடு நிற்கவில்லை. மற்ற ப்ளூஸ் கலைஞர்களும் தங்கள் உரிமையை மீட்க உதவுவதற்கு ஓர் அறக்கட்டளையும் தொடங்கினார். டிக்சனால் வழக்குப் போட முடிந்ததற்குக் காரணம், பாட்டின்மேல் அவர் பெயர் இருந்தது. பெயர் என்பது புகழ் என்று நினைக்கிறோம். பெயர் என்பது பத்திரம், தோழர்களே. பட்டா இல்லாத நிலத்தில் பாடுபட்டவன் கதை நமக்குத் தெரியாதா?

இப்போது நம் ஊர்ச் சட்டத்தைப் பாருங்கள். 2012இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், இசைக்கருவி வாசிப்பவரையும் 'நிகழ்த்துநர்' என்று ஏற்றுக்கொண்டு, அவருடைய வாசிப்பு வணிக நோக்கில் பயன்பட்டால் உரிமைத்தொகையில் பங்கு உண்டு என்கிறது. நல்லது. ஆனால் அதே சட்டத்தில் திரைப்படத்துக்கு ஒரு விதிவிலக்கு. தற்செயலாக, சிறு அளவில் பங்கேற்று, தொழில் வழக்கப்படி படத்தின் பெயர்ப் பட்டியல் உட்பட எங்கும் பெயர் குறிப்பிடப்படாதவர் நிகழ்த்துநராகக் கருதப்பட மாட்டார். மிஞ்சுவது, தன் வாசிப்பைச் சிதைத்துப் பெயரைக் கெடுத்தால் தட்டிக்கேட்கும் உரிமை மட்டும். பெயர் போடாத வழக்கத்தை யார் உண்டாக்கினார்கள்? பெயர் போடாமல் விட்டவர்கள். அந்த வழக்கமே பிறகு உரிமை மறுப்புக்கு ஆதாரமாகிவிடுகிறது. கிராமத்திலிருந்து இரண்டு நாள் கூலிக்கு வந்து பறையடித்துவிட்டுப் போகிறவர்களிடம் இந்த விதி என்ன செய்யும் என்று சட்டம் படிக்கும் மாணவர்கள் ஆராய வேண்டும்.

சாதி இங்கே இன்னும் ஓர் அடுக்கைச் சேர்க்கிறது. கர்நாடக இசை மேடையில் மிருதங்கக்காரர் 'பக்கவாத்தியம்'. அவருக்கும் பின்னால், மேடைக்கே வராத இடத்தில், தோலைப் பதப்படுத்தி மிருதங்கம் செய்யும் கைகள் இருக்கின்றன. அவற்றில் பல தலித் கிறித்தவக் குடும்பங்களின் கைகள். அவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020இல் 'செபஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற நூலை எழுதியபோது, வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்த அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. பெயரை உரக்கச் சொல்வதற்கே அவ்வளவு தடை.

வெளியே விரல் நீட்டிவிட்டு நாம் தப்பிக்கவும் முடியாது. வெண்மணிக் கொடுமையின் நெருப்பில் இன்குலாப் எழுதி, கே.ஏ. குணசேகரன் பாடிய பாட்டு நம் மேடைகளில் இன்றும் ஒலிக்கிறது. எழுதியவர் பெயரும் பாடியவர் பெயரும் நமக்குத் தெரியும், தெரிந்திருக்கவும் வேண்டும். அந்தப் பாட்டுக்கு ஊர் ஊராகப் பறையடித்தவர்கள் பெயர்களை நாம் எழுதி வைத்திருக்கிறோமா? 2018 ஜனவரியில் சென்னையில் முதல் நிகழ்ச்சி நடத்திய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு, கானாவையும் பறையையும் ராப்பையும் ஒரே மேடைக்குக் கொண்டுவந்ததோடு, தனிமனிதர் பெயரில் இல்லாமல் கூட்டுப் பெயரில் வந்தது. எனக்கு அது நல்ல தொடக்கமாகப் படுகிறது. கூட்டுப் பெயர் மட்டும் போதாது. அதற்குள் ஒவ்வொருவர் பெயரும் வேண்டும், பங்கும் எழுதப்பட வேண்டும்.

எனவே நம் மன்றத்துக்கும் நம்மைப் போன்ற அமைப்புகளுக்கும் மூன்று வேண்டுகோள்கள். ஒன்று, இனி நம் சுவரொட்டியில் 'மற்றும் குழுவினர்' வேண்டாம். இடம் போதாது என்றால் பேச்சாளர் படத்தைச் சிறிதாக்குங்கள், வாசிப்பவர் பெயரெல்லாம் வரட்டும். இரண்டு, 'இயக்க நிகழ்ச்சிதானே' என்று சொல்லிப் பறைக்கலைஞர் கூலியைக் குறைக்காதீர்கள். நிகழ்ச்சிக்கு முன்பே தொகையை எழுத்தில் கொடுங்கள். பதிவு செய்து இணையத்தில் ஏற்றினால் அதற்கும் அவர்கள் ஒப்புதல் வேண்டும், வருமானம் வந்தால் பங்கு வேண்டும். ஊர்ப் பண்ணையிடம் எழவுக்கும் திருவிழாவுக்கும் கூலியில்லாமல் அடித்த வரலாற்றை எதிர்த்து எழுந்த நாம், கொள்கையின் பேரால் அதையே திரும்பச் செய்யக் கூடாது. மூன்று, மாணவர்களே, உங்கள் ஆய்வுகளில் பின்வரிசைக்காரர்களைத் தேடிப் போங்கள். எந்த ஊர், யாரிடம் கற்றார், என்ன அடி, எந்த மேடை என்று பெயரோடும் தேதியோடும் எழுதி வையுங்கள்.

இதற்கும் சாம் லேயிடம் ஒரு முன்மாதிரி இருக்கிறது. 1960களில் அவர் ஒரு சிறு வீட்டுப் படக்கருவியை வைத்துக்கொண்டு, சிகாகோவின் கூடங்களில் தன் சக கலைஞர்கள் வாசிப்பதைப் படம் பிடித்தார். பெரிய நிறுவனங்கள் திரும்பிப் பார்க்காத காலத்தில், பின்வரிசையில் இருந்தவர் எடுத்த அந்தப் படச்சுருள்கள் பின்னாளில் ஆவணப்படங்களுக்கு ஆதாரமாயின. 2015இல் அந்தக் குழு முழுவதையும் ராக் அண்ட் ரோல் புகழ்க்கூடத்தில் சேர்த்தபோது அவருக்கு 80 வயது. 2022 ஜனவரியில், 86ஆம் வயதில், சிகாகோவில் காலமானார்.

உங்கள் எல்லோர் கையிலும் இன்று படக்கருவி இருக்கிறது. இன்றைய நிகழ்ச்சிக்கு வெளியே பறையடித்து நம்மை வரவேற்ற ஐந்து பேர் இன்னும் வளாகத்தில்தான் இருக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் போய்ப் பேசுங்கள். அவர்கள் ஒப்புக்கொண்டால் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.